வெதுவெதுப்பை இறைக்கும் இயந்திரம்

1941இல் ஐரோப்பாவெங்கும் போர் மூண்டிருந்தபோது, ஸ்விட்சர்லாந்தின் ஸூரிச் நகராட்சி ஒரு நீச்சல்குளத்தைத் திறந்தது. நகரின் நடுவில், கூரையிட்ட குளம். வடிவமைத்தவர் நகராட்சியின் கட்டடக் கலைஞர் ஹெர்மன் ஹெர்ட்டர். போர்க்காலத்தில் நீச்சல்குளமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இன்று நமக்குப் பயன்படும் கேள்வி வேறு: அவ்வளவு தண்ணீரையும் எப்படி வெதுவெதுப்பாக வைத்திருந்தார்கள்? ஸ்விட்சர்லாந்தில் சொல்லிக்கொள்ளும்படி நிலக்கரி கிடையாது. வெளிநாடுகளிலிருந்து வந்துகொண்டிருந்ததும் போரால் சுருங்கிவிட்டது. மலையிலிருந்து இறங்கும் நீரில் எடுத்த மின்சாரம் கையில் இருந்தது. அதையும் எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். எனவே எரிப்பதை விட்டு வேறு வழிக்குப் போனார்கள். பக்கத்திலிருந்த ஏரியின் குளிர்ந்த நீரில் கிடந்த வெப்பத்தை மின்சாரத்தின் உதவியால் இறைத்துக் குளத்தில் சேர்த்தார்கள். அந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. 1938லேயே அங்குள்ள பழைய நகர மன்றக் கட்டடம் லிம்மாட் ஆற்று நீரிலிருந்து எடுத்த வெப்பத்தால் குளிர்காலத்தைக் கழிக்கத் தொடங்கியிருந்தது.

அந்த இயந்திரத்தின் வாரிசுதான் இன்று வீட்டுக் குளங்களின் ஓரத்திலும் விடுதிகளின் மொட்டைமாடியிலும், பார்வைக்கு ஏசியின் வெளிப்பெட்டி போலவே நின்றுகொண்டிருக்கும் ஹீட் பம்ப். இது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இருக்கும் இடத்திலிருந்து எடுத்து, வேண்டிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஒரு குளத்து நீரை வெதுவெதுப்பாக்குவதைப் போல இந்த இயந்திரத்துக்குப் பொருத்தமான வேலை வேறு இல்லை என்பதும், அதே வேலைக்கு நெருப்பைப் போலப் பொருந்தாத கருவி வேறு இல்லை என்பதும் என் வாதம். கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு. குளத்தின் மேல் ஒரு மூடியைப் போடாமல் இயந்திரத்தை மட்டும் வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பதுதான்.

முதலில் எழும் சந்தேகம் இயல்பானது. காற்று 15 டிகிரியில் சில்லென்று வீசுகிறது. குளம் 28 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர்ந்த காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து, அதைவிடச் சூடான நீரில் எப்படிச் சேர்ப்பது? நம் உடம்புக்குத்தான் 15 டிகிரி குளிர். இயற்கையின் கணக்கில் குளிர் மைனஸ் 273 டிகிரியில் தொடங்குகிறது. அதற்கு மேலே உள்ள எல்லாப் பொருளிலும் வெப்பம் இருக்கிறது. 15 டிகிரிக் காற்று, அந்தக் கணக்கில், 288 படி ஏறி நிற்கிறது. வெப்பம் அங்கே இல்லாமல் இல்லை. தாழ்வான மட்டத்தில் கிடக்கிறது, அவ்வளவே. கிணற்றில் தண்ணீர் தாழ்ந்து கிடப்பது போல. தண்ணீர் தானாக மேட்டுக்கு ஏறாது. ஏற்றமோ கமலையோ மோட்டாரோ வேண்டும். வெப்பமும் தானாகக் குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்குப் போகாது; அதற்கும் உழைப்பு வேண்டும். கிணறு எவ்வளவு ஆழமோ அவ்வளவு உழைப்பு. தண்ணீருக்கு ஆழம் என்றால் வெப்பத்துக்கு இரு பக்கத்து வெப்பநிலைகளின் வித்தியாசம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும்.

இறைக்கும் வாளி எது? ஏசி மெக்கானிக்குகள் பொதுவாக ‘கேஸ்’ என்று சொல்லும் பொருள்தான். அது எந்நேரமும் வாயுவாக இருப்பதில்லை. பெட்டிக்குள் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் ஒருமுறை கொதித்து ஆவியாகி, ஒருமுறை குளிர்ந்து திரவமாகிறது. இன்று பரவலாக உள்ள ஆர்-32 என்னும் வகை, சாதாரணக் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிநிலை அழுத்தத்தைப் பொறுத்தது என்பதை நம் சமையலறையே அறியும். குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் ஏறுகிறது. ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு என்பதால் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, திறந்த பானையில் பருப்பு வேகாமல் அடம்பிடிக்கிறது. ஹீட் பம்ப் முழுக்க இந்த ஒரு விதியின் மேல் நிற்கிறது: அழுத்தத்தைக் குறைத்தால் குளிரிலும் கொதிக்கும், கூட்டினால் சூட்டிலும் திரவமாகும்.

பெட்டியின் பின்பக்கம் மெல்லிய அலுமினியத் தகடுகள் கோத்த குழாய்ச்சுருள், அதாவது காயில், இருக்கிறது. விசிறி அதன் வழியே வெளிக்காற்றை இழுக்கிறது. காயிலுக்குள் கேஸின் அழுத்தம் குறைவு. அது சுமார் 5 டிகிரியிலேயே கொதிக்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. 15 டிகிரிக் காற்று அதற்கு அடுப்பு மாதிரி. காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக் கொதித்து ஆவியாகிறது. வெப்பத்தைப் பறிகொடுத்த காற்று முன்பக்கம் இன்னும் குளிர்ந்து வெளியேறுகிறது. ஓடும் ஹீட் பம்பின் முன்னால் கையை நீட்டினால் சில்லென்று அடிப்பது அதனால்தான். அந்த ஆவியைக் கம்ப்ரஸர் அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவது போல, அழுத்தப்பட்ட ஆவி குளத்து நீரைவிட நன்றாகச் சூடேறுகிறது. மின்சாரத்தின் பெரும்பகுதி செலவாகும் இடம் இதுதான். சூடான ஆவி அடுத்த காயிலுக்குள் போகிறது. அதைச் சுற்றிக் குளத்து நீர் ஓடுகிறது. வெப்பத்தை நீரிடம் கொடுத்துவிட்டு ஆவி மீண்டும் திரவமாகிறது. குளோரினும் உப்பும் செம்பை அரித்துவிடும் என்பதால் தரமான இயந்திரங்களில் இந்தக் காயிலை டைட்டானியத்தில் செய்கிறார்கள். பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வின் குறுகிய வழியில் திரவம் அழுத்தத்தை இழந்து, குளிர்ந்து, பழைய இடத்துக்கே வந்து சேர்கிறது. வாளி மறுபடி கிணற்றில் இறங்கிவிட்டது.

இப்போது கணக்கு. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் கொண்ட ஒரு வீட்டுக் குளத்தில் 48,000 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதை ஒரே ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 56 யூனிட் வெப்பம் வேண்டும். கீசரில் இருப்பது போன்ற சூடேற்றும் கம்பியால் செய்தால் 56 யூனிட் மின்சாரமும் மீட்டரில் ஓடும். எரிவாயு என்றால், 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று முழுவதையும் நல்ல பாய்லரில் எரித்தாலும் அந்தக் குளம் நான்கு டிகிரிதான் ஏறும். ஹீட் பம்ப் இதே ஒரு டிகிரிக்குச் சுமார் 11 யூனிட் மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. மீதி 45 யூனிட்டைக் காற்றிலிருந்து கொண்டுவருகிறது. கொடுத்த மின்சாரத்தைப் போல் எத்தனை மடங்கு வெப்பம் குளத்தில் சேர்கிறது என்பதற்கு சிஓபி என்று பெயர். இங்கே அது 5. ஒன்று போட்டு ஐந்து எடுப்பதா, இது ஆற்றல் அழியாமை விதிக்கே விரோதமில்லையா என்று படித்தவர்களே கேட்பதுண்டு. ஐந்தில் ஒன்றுதான் மின்சாரம் தந்தது. நான்கு காற்றிலிருந்து வந்தது. கூட்டினால் கணக்கு நேர். மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைப்பவர் மின்சாரம் தண்ணீராக மாறியது என்று நினைப்பதில்லை. இங்கும் அப்படி நினைக்க வேண்டியதில்லை.

பிரிட்டனில் பிற்காலத்தில் லார்ட் கெல்வின் என்று அழைக்கப்பட்ட வில்லியம் தாம்சன் 1852லேயே இதை எழுதிவிட்டார்: ஒரு கட்டடத்தைச் சூடாக்க எரிபொருளை நேராக எரிப்பதைவிட, அதே எரிபொருளால் ஓர் இயந்திரத்தை ஓட்டி வெளியிலிருந்து வெப்பத்தை உள்ளே தள்ளினால் குறைவாகவே செலவாகும் என்று. அதற்கு அடிப்படை 1824இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாதி கார்னோ போட்டது. அவர் வகுத்த எல்லையைக் குளத்துக்குப் பொருத்திப் பார்த்தால் என் வாதத்தின் மையம் தெரியும். கேஸ் 5 டிகிரியில் கொதித்து 38 டிகிரியில் திரவமானால் ஏற்ற வேண்டிய உயரம் 33 டிகிரி. இயற்கை அனுமதிக்கும் உச்ச சிஓபி 9க்கும் சற்று மேல். நடைமுறை இயந்திரங்கள் அதில் ஏறக்குறைய பாதியைத் தொடுகின்றன. அதே இயந்திரத்தை வீட்டுக் குளியலுக்கு 60 டிகிரி வெந்நீர் தரச் சொன்னால் கேஸ் 65 டிகிரி வரை போக வேண்டும். உயரம் 60 டிகிரி, உச்ச சிஓபி ஐந்தரை, நடைமுறையில் மூன்றுக்கும் கீழே. குளம் கேட்பது வெந்நீரை இல்லை, வெதுவெதுப்பை. ஆழமில்லாத கிணறு அது. எரிவாயு நெருப்போ ஏறத்தாழ 1,900 டிகிரியில் எரிகிறது. இரும்பை உருக்கும் சூட்டை உண்டாக்கி, 27 டிகிரித் தண்ணீரை 28 ஆக்கப் பயன்படுத்துகிறோம். பாய்லரின் திறன் 90 சதவீதம் என்று விளம்பரம் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தக் கணக்கு வெப்பத்தின் அளவை மட்டும் பார்க்கிறது, தரத்தைப் பார்ப்பதில்லை. இழப்பு முழுவதும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

விளம்பரங்கள் என்றதும் ஹீட் பம்ப் விற்பவர்களையும் கவனிக்க வேண்டும். இப்போது சிஓபி 10, 15 என்றெல்லாம் அட்டையில் அச்சிடுகிறார்கள். அந்த எண்கள் பெரும்பாலும் வெளிக்காற்று 27 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம், குளத்து நீர் 26 டிகிரி என்ற நிலையில், இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் மிகக் குறைந்த வேகத்தில் ஓடும்போது அளந்தவை. காற்று நீரைவிடச் சூடாக இருக்கும் வேளை அது. கிணறு தளும்பி நிற்கிறது. அதே தாளில் 15 டிகிரிக் காற்றுக்கும் முழு வேகத்துக்குமான எண்ணும் இருக்கும். அங்கே 4 அல்லது 5 என்று போட்டிருந்தால் நல்ல இயந்திரம். வாங்குபவர் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான். ஈரப்பதத்தை ஏன் சேர்த்துக் குறிப்பிடுகிறார்கள் என்பதும் தெரிந்துகொள்ளத் தக்கது. ஈரக் காற்று குளிர்ந்த காயிலில் பட்டதும் அதிலுள்ள நீராவி துளித்துளியாகத் திரள்கிறது. அப்படித் திரளும் ஒவ்வொரு லிட்டரும் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தைக் காயிலில் விட்டுச் செல்கிறது. கடலோர ஊர்களில் ஹீட் பம்ப் நன்றாக வேலை செய்வதற்கு இது ஒரு காரணம். பெட்டியின் அடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து குளம் ஒழுகுகிறது என்று பயப்படுபவர்கள் உண்டு. கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுக் குளத்து பம்பை மட்டும் ஓட விட்டுப் பார்த்தால் போதும். சற்று நேரத்தில் சொட்டு நின்றுவிட்டால் அது காற்றின் ஈரம்.

அந்த நீராவியே மறுபக்கத்தில் குளத்தின் எதிரி. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறதோ அதே காரணத்தால்தான் குளமும் குளிர்கிறது. சுவர் வழியே கசிவதற்குப் பதில் குளம் தன் முகம் முழுவதையும் காற்றுக்குத் திறந்து வைத்திருக்கிறது. திறந்தவெளிக் குளம் இழக்கும் வெப்பத்தில் சுமார் 70 சதவீதம் ஆவியாதலால் போகிறது என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. நம் 32 சதுர மீட்டர் குளத்தில் ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் நீர் ஆவியானால் 160 லிட்டர். அது எடுத்துச் செல்லும் வெப்பம் கிட்டத்தட்ட 110 யூனிட். அதாவது கண்ணுக்கே தெரியாத அந்த அரை சென்டிமீட்டர், குளத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு டிகிரியைக் கொண்டுபோகிறது. வெயில் அடித்தால் பகலில் அதில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். மேகமூட்டத்திலும் இரவிலும் கிடைக்காது. குமிழித் தாள் போன்ற ஒரு மூடியைப் பயன்படுத்தாத நேரங்களில் விரித்து வைத்தால் சூடேற்றும் செலவில் பாதிக்கு மேல் குறையும் என்று அதே துறை கணக்கிட்டிருக்கிறது. இந்த வரியை எந்த விற்பனையாளரும் முதல் பக்கத்தில் போடுவதில்லை. மூடி போட்ட குளத்துக்குச் சிறிய இயந்திரமே போதும். நான் வரிசையைத் திருப்பிச் சொல்வேன்: முதலில் மூடி, அடுத்து இயந்திரம்.

இனி வலுவான மறுப்புக்கு வருவோம். இந்தியாவில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. இங்கே எரிக்காததை அங்கே எரித்தால் என்ன லாபம்? கேள்வி நியாயமானது, கணக்காலேயே பதில் சொல்லலாம். நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. சமையல் எரிவாயுவை நல்ல பாய்லரில் எரித்தால் ஒரு யூனிட் வெப்பத்துக்கு ஏறத்தாழ 0.26 கிலோ. சூடேற்றும் கம்பியைப் பயன்படுத்தினால் மின்சாரம் படுதோல்வி: 0.7. சிஓபி 5 உள்ள ஹீட் பம்பில் அது 0.14 ஆக, எரிவாயுவில் பாதியாகக் குறைகிறது. சிஓபி 3க்கு இறங்கினால் 0.23, லாபம் மெலிந்துவிடுகிறது. 2.7க்குக் கீழே போனால் எரிவாயுவே மேல். எனவே நிலக்கரி நாட்டில் ஹீட் பம்ப் எப்போதும் தூய்மையானது என்று சொல்வது தவறு. குளம் போன்ற ஆழமில்லாத கிணற்றில் அது தூய்மையானது. தொகுப்பில் சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் கூடக் கூட அந்த வரம்பும் தளர்ந்துகொண்டே போகும். பாய்லர் வாங்கிய நாளில் எவ்வளவு புகைத்ததோ கடைசி நாளிலும் அவ்வளவே புகைக்கும்.

குளிர் அதிகமாகும்போது, அதாவது மிகத் தேவைப்படும்போது, இயந்திரம் தளர்ந்துவிடும் என்பது அடுத்த மறுப்பு. உண்மை. காற்று 5 டிகிரிக்கு அருகில் வந்தால் காயிலில் உறைபனி படர்கிறது. இயந்திரம் சுற்றைத் திருப்பி, குளத்தின் வெப்பத்தையே கொஞ்சம் எடுத்துப் பனியைக் கரைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் குளம் ஒரு குளியலறை வாளி இல்லை. 48,000 லிட்டர் தண்ணீர் தானே ஒரு பெரிய வெப்பச் சேமிப்புக் கிடங்கு. ஊட்டியின் ஜனவரி இரவு உறைநிலையைத் தொட்டாலும் நண்பகல் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். பகலில் ஓட்டி, மாலையில் மூடியை இழுத்துவிட்டால், மோசமான மணி நேரங்களில் இயந்திரத்தை எழுப்பவே வேண்டாம். மொட்டைமாடியில் சோலார் தகடு இருந்தால் அதன் மின்சாரமும் அதே பகலில்தான் கிடைக்கிறது. மெதுவாகச் சூடாகும் என்ற குறைக்கு மட்டும் முழுப் பதில் இல்லை. 12 கிலோவாட் இயந்திரம் இந்தக் குளத்தை ஒரு டிகிரி உயர்த்த நாலே முக்கால் மணி நேரம் எடுக்கும். 22இலிருந்து 28க்குக் கொண்டுவர ஒரு நாளுக்கும் மேல். மாதம் ஒரு சனிக்கிழமை மட்டும் குளத்தைச் சூடாக்குபவருக்கு இது ஒத்துவராது. நாள்தோறும் நீந்தும் இடத்துக்கு இது ஒரு குறையே இல்லை.

நான் மிகவும் கவலையோடு பார்க்கும் மறுப்பு கேஸைப் பற்றியது. பழைய இயந்திரங்களில் உள்ள ஆர்-410ஏ ஒரு கிலோ கசிந்தால், வளிமண்டலத்தைச் சூடாக்குவதில் அது இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். மேலே போட்ட கணக்கில் ஒரு யூனிட் வெப்பத்துக்கு 0.12 கிலோ மிச்சம் பிடித்தோம். அந்த ஒரு கிலோ கசிவை ஈடுகட்ட 17,000 யூனிட்டுக்கு மேல் வெப்பம் இறைத்தாக வேண்டும். நம் குளத்தை முந்நூறு டிகிரி ஏற்றிய புண்ணியம் ஒரே கசிவில் போய்விடும். ஆர்-32க்கு அந்தத் தாக்கம் மூன்றில் ஒரு பங்கு. ஆர்-290 என்ற பெயரில் வருவது புரொப்பேன்தான். அதன் தாக்கம் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. எரியக்கூடியது என்பதால் வீட்டுக்குள் வைக்கத் தயங்கலாம். குளத்து இயந்திரமோ திறந்தவெளியில் நிற்கிறது. அதற்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்காது. 2016இல் கிகாலியில் உலக நாடுகள் செய்த ஒப்பந்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது; ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற வாயுக்களை 2047க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். இன்று வாங்கும் இயந்திரத்தில் என்ன கேஸ் என்று கேட்பதும், ரிப்பேர் செய்ய வருபவர் பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் உருளையில் பிடித்துச் செல்கிறாரா என்று பார்ப்பதும் வாங்குபவரின் பொறுப்பு.

பணக்காரர்களின் குளத்துக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்பவர்களுக்கு பிரிட்டனைக் காட்டலாம். 2022இல் எரிவாயு விலை ஏறியபோது அங்கே முதலில் தள்ளாடியவை நகராட்சிப் பொதுக்குளங்கள். குழந்தைகள் நீந்தப் பழகும் இடங்கள் மூடப்படும் நிலை வந்து, 2023 மார்ச் பட்ஜெட்டில் அவற்றுக்காக 6 கோடியே 30 லட்சம் பவுண்டு ஒதுக்க வேண்டியதாயிற்று. மூட்டுவலிக்காரர்களும் பக்கவாதத்திலிருந்து மீள்பவர்களும் பயிற்சி செய்யும் சிகிச்சைக் குளங்கள் 33, 34 டிகிரியில் இருந்தாக வேண்டும். அங்கே வெதுவெதுப்பு என்பது மருந்து. சென்னை போன்ற ஊர்களில் பிரச்சினை தலைகீழ். போட்டிக் குளத்து நீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. சித்திரை வெயிலில் திறந்த குளம் 30ஐத் தாண்டிவிடும். நான்குவழி வால்வு உள்ள ஹீட் பம்ப் சுற்றைத் திருப்பிக் குளத்தின் வெப்பத்தைக் காற்றில் கொட்டும். பாய்லரால் அதைச் செய்ய முடியாது.

கூரையிட்ட குளங்களில் இந்த இயந்திரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே குளத்திலிருந்து எழும் நீராவி வெளியே போக வழியில்லாமல் சுவரில் பூஞ்சையாகவும் கம்பியில் துருவாகவும் படிகிறது. முன்பெல்லாம் அந்த ஈரக் காற்றை விசிறி வைத்து வெளியே தள்ளி, குளிர்ந்த புதுக்காற்றை உள்ளே இழுத்து மறுபடி சூடாக்கினார்கள். இப்போது கூடத்தின் காற்றையே ஹீட் பம்பின் குளிர்ந்த காயில் வழியே செலுத்துகிறார்கள். நீராவி சொட்டாகத் திரள்கிறது, கூடம் உலர்கிறது, ஆவியாகும்போது குளம் இழந்த வெப்பம் அடுத்த காயில் வழியே அதே குளத்து நீருக்குத் திரும்பிவிடுகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்காகச் செயின்ட் டெனிஸில் கட்டிய நீச்சல் அரங்கம் வேறொரு கிணற்றையும் கண்டுபிடித்தது: பக்கத்திலுள்ள தரவு மையத்தின் கணினிகள் கக்கும் வெப்பம், ஹீட் பம்புகளால் தரம் உயர்த்தப்பட்டு அப்பகுதியின் குழாய்களில் ஏறி, குளத்துக்கும் வருகிறது. ஸூரிச்சில் ஏரியில் கிடந்ததை இறைத்தார்கள். இங்கே கணினிகளைக் குளிரவைக்க வேண்டி வெளியே கொட்டப்போனதை இறைக்கிறார்கள்.